வேரால் நடக்கும் செடி: கறிவேப்பிலையின் வளர்ச்சி முறை

கறிவேப்பிலையை அறியாத குசினி எமது பகுதிகளில் இல்லை. ஆனால் அது எப்படி வளர்கிறது என்று கேட்டால், "கிணற்றடியில் தானாக வந்தது" என்றே பலரும் சொல்வார்கள். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொடுத்த கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட நாம் அதற்குக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெரியவர்கள் காலத்து மரம் ஒன்று வளவின் பின்புறத்தில் நின்றது. வேண்டியபோது ஒரு நெட்டை முறித்தோம்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே பல தடவை இடம் மாறிப் பின்னர் முகாம்களுக்கு வந்தவர்களும் அந்த மரங்களையும் விட்டுத்தான் வந்தார்கள். சந்தையில் ஒரு பிடி கறிவேப்பிலைக்குக் காசு கொடுப்பது தோட்டக்காரக் குடும்பம் ஒன்றுக்குப் பெரிய செலவாக இல்லாவிட்டாலும் மனதில் குத்துகின்ற செலவு. ஆகவே பலர் இருக்கின்ற இடத்தில் ஒரு கன்றை நட்டுப் பார்க்கிறார்கள். அயல்வீட்டில் கேட்டு வாங்கிய கன்று ஒரு கிழமை பச்சையாக நிற்கும். பிறகு இலை உதிரும், தண்டு கறுக்கும், பட்டுவிடும். இரண்டாவது கன்றும் அப்படியே. "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கறிவேப்பிலை தன்னுடைய ஒரு முறையில் வளர்கின்ற செடி. அந்த முறையைத் தெரிந்துகொண்டால், சொந்தக் காணி இல்லாத நிலையிலும் அதை வளர்க்கலாம். இடம் மாறும்போது கொண்டும் போகலாம்.

காட்டு நிழலின் புதர்

வீட்டு வளவில் பார்த்துப் பழகியதால் இதை நாம் ஒரு வீட்டு மரமாகவே எண்ணுகிறோம். பிறப்பில் இது காட்டுச் செடி. இந்தியாவில் இமயமலை அடிவாரத்துச் சால் மரக் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் காடுகளிலும், பெருமரங்களுக்குக் கீழே இடுப்பளவு, ஆளுயரப் புதராக இது கூட்டம் கூட்டமாக நிற்கிறது. காட்டில் நடப்பவர் காலில் மிதிபட்டாலே மணம் எழும். தனித்து, வெளிச்சத்தில், பல வருடங்கள் விடப்பட்டால்தான் 4 முதல் 6 மீற்றர் வரை உயர்ந்து சிறு மரமாகிறது. எனவே புதர் என்பதே இதன் இயல்பு. மரமாவது வசதி கிடைத்தபோது வருகின்ற நிலை என்று சொல்லலாம்.

பெயரில் வேம்பு இருந்தாலும் இது வேம்பின் இனமல்ல. இலை வேப்பிலை போன்ற சாயலில் இருப்பதால், கறிக்குப் போடும் வேப்பிலை என்ற பொருளில் வந்த பெயர் அது. உண்மையான உறவினர்கள் தேசி, தோடை, வில்வம், விளா ஆகியவை. ஒரு தேசி இலையையும் ஒரு கறிவேப்பிலையையும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஊசியால் குத்தியது போன்ற சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். இலையைக் கசக்கும்போது உடைந்து மணம் தருபவை அவையே. இந்த உறவை மனதில் வைத்திருங்கள். பூச்சியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

தாவரவியலாளர் இதற்கு முறயா கோனிகீ என்று பெயரிட்டனர். இப்போது சிலர் பேர்கெரா கோனிகீ என்ற பழைய பெயரையே மீண்டும் எழுதுகிறார்கள். அந்தக் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தவர். லின்னேயஸ் என்ற பெரிய தாவரவியலாளரின் மாணவர். லின்னேயஸ் 1771இல் எமது கறிவேப்பிலைக்குத் தமது மாணவரின் பெயரைச் சூட்டினார். சிங்கள மக்கள் இதைக் கரபிஞ்சா என்பர். காலையில் குடிக்கும் இலைக்கஞ்சிக்கும் அதைச் சேர்ப்பார்கள்.

மேலே ஒரு வளர்ச்சி, கீழே ஒரு வளர்ச்சி

பெருமரத்தின் கீழ் வாழும் செடிக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளிச்சம் குறைவு, அத்தோடு மாடு, மான் மேய்வதும், காட்டுத்தீ வருவதும், மேலே இருந்து கொப்பு முறிந்து விழுவதும் வழக்கம். தலை போனாலும் உயிர் தப்ப வேண்டும். அதற்குக் கறிவேப்பிலை கண்ட வழி, வேரிலே சேமிப்பது, வேராலே பரவுவது.

விதையிலிருந்து வந்த செடிக்கு முதலில் நேராகக் கீழே இறங்கும் ஆணிவேர் ஒன்று வரும். பின்னர் மண்ணின் மேற்பகுதியில், ஏறக்குறையக் கிடையாக, பக்கவேர்கள் ஓடும். இந்தப் பக்கவேர்களிலிருந்து புதிய தண்டுகள் மேலெழும். இவற்றைத்தான் பக்கக்கன்று அல்லது வேர்க்கன்று என்கிறோம். தாய்மரத்தின் அடியிலும், ஐந்தாறு அடி தள்ளியும், சிலவேளை வேலிக்கு அப்பால் அயலவர் வளவிலும் இவை முளைக்கும். தலைப்பில் "வேரால் நடக்கும்" என்று சொன்னது இதனால்தான்.

எந்த வேரும் நினைத்த நேரத்தில் கன்று விடுவதில்லை. செடியின் நுனிக் குருத்தில் உண்டாகும் வளர்ச்சிச் சாறு ஒன்று கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வரும்வரை கீழ்ப்பகுதியிலுள்ள முளைகள் உறங்கிக் கிடக்கும். நுனி வெட்டப்பட்டால், அல்லது வேர் மண்வெட்டியில் காயப்பட்டால், அந்தச் சாறு தடைப்படும். அப்போது உறங்கிய முளைகள் விழிக்கும். வேரில் புதிய முளைகளும் தோன்றும். கிணற்றடி மரத்தைச் சுற்றி அதிகம் கன்று வருவதற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல. வாய்க்கால் திருத்தும்போதும் புல்லுச் செதுக்கும்போதும் அங்கே வேர் அடிக்கடி காயப்படுகிறது. ஒருவரும் மண்வெட்டி போடாத மூலையில் நிற்கும் மரத்தின் கீழ் அவ்வளவு கன்று வருவதில்லை.

வேர்க்கன்று என்பது தாயின் பிள்ளை என்பதிலும் பார்க்கத் தாயின் இன்னொரு கை என்பதே பொருத்தம். அதே உடல், அதே மணம். வாசமான மரத்தின் வேர்க்கன்று வாசமாகவே இருக்கும். விதைக்கன்றுக்கு இந்த உறுதி இல்லை. விதைக்கன்றுகளுள் சில மணம் குறைந்தும் சில கூடியும் வரும். தமிழ்நாட்டில் செங்காம்பு என்று நெட்டு சிவந்த இனம் ஒன்றை மணத்துக்காக விரும்பி நடுகிறார்கள். எங்கள் ஊர்களிலும் எந்த வீட்டு மரம் மணமானது என்று பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கன்று கேட்கப் போகுமுன் அவர்களிடம் விசாரியுங்கள்.

பிடுங்கிய கன்று ஏன் படுகிறது

இப்போது கைராசிக்கு வருவோம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒன்றரை அடி உயரமான அழகான வேர்க்கன்றைக் கையால் இழுத்துப் பிடுங்கிக் கொண்டுவருகிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்டின் அடியில் ஒரு கொக்கி போல முறிந்த வேர்த்துண்டு. மயிர்வேர் இரண்டு மூன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏனெனில் அந்தக் கன்றுக்குச் சொந்த வேர் தேவைப்பட்டிருக்கவில்லை. தாயின் வேரே அதற்குத் தண்ணீர் கொடுத்துவந்தது. மேலே பத்துப் பன்னிரண்டு நெட்டு இலை. அவ்வளவு இலையும் வெயிலிலும் காற்றிலும் தண்ணீரை வெளியே விடும். கீழே உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. தண்டிலிருந்த ஈரம் முடியும்வரை ஒரு கிழமை பச்சையாக நிற்கும். முடிந்ததும் பட்டுவிடும். நீங்கள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் அதைக் குடிக்க வாய் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது, கன்று தாயோடு இருக்கும்போதே அதற்குச் சொந்த வேர் உண்டாகச் செய்வது.

தாய்மரத்திலிருந்து இரண்டடிக்கு அப்பால் நிற்கும் கன்று ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். மிக அருகில் நிற்பதை எடுத்தால் தாயின் பெரிய வேர் காயப்படும். முழங்கால் உயரம் போதும். பெரிய கன்று எடுத்தால் விரைவில் இலை பறிக்கலாம் என்று நினைப்பது பிழை, சிறியதே பிழைக்கும். தாய் நிற்கும் பக்கமாக, கன்றிலிருந்து அரை அடி தள்ளி, மண்ணை மெதுவாக விலக்கினால் விரல் பருமனில் ஒரு கிடைவேர் தெரியும். கூரான கத்தியால் அதை ஒரே வெட்டாக வெட்டுங்கள். அலவாங்கால் குத்தி நசுக்கினால் அழுகும். வெட்டிய பின் கன்றை அசைக்காமல் மண்ணை மூடி, பழைய மாட்டெரு ஒரு சிரட்டையளவு போட்டுத் தண்ணீர் விடுங்கள். கன்றின் நுனியையும் கிள்ளிவிடுங்கள்.

இனி அதை அப்படியே விட்டுவிட வேண்டும். தாயிடமிருந்து வருவது நின்றதால், அந்த வேர்த்துண்டு தானே புதிய மயிர்வேர்களை விடத் தொடங்கும். ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் பொறுங்கள். இதற்கிடையில் சில இலைகள் பழுத்து உதிரும்; பயப்பட வேண்டாம். புதிய குருத்து ஒன்று நுனியில் அல்லது கணுவில் வந்தால், வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் சுற்றிவர அரை அடி விட்டு மண்ணோடு தோண்டி எடுங்கள். வெளிப்பக்கமாக ஓடும் வேரையும் அரை அடி விட்டு வெட்டுங்கள். மேல் நெட்டு மூன்றை மட்டும் விட்டு மற்ற இலைகளைக் கிள்ளி, பின்னேரத்தில் நடுங்கள்.

மாரி தொடங்கும்போது வேரை வெட்டி, மழை ஓயுமுன் பெயர்த்து நட்டால் தண்ணீர்ச் சுமை குறையும். சோளகக் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் இந்த வேலை வேண்டாம். கட்டாயம் செய்ய வேண்டியிருந்தால், மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாத்தி நிழல் கொடுங்கள்.

கன்றே இல்லாத மரமானால் வரவழைக்கலாம். தாயிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு முழம் நீளத்துக்குச் சிறு கிடங்கு வெட்டி, தென்படும் பென்சில் பருமனான வேரை வெட்டிவிட்டுக் கிடங்கை எருவும் மண்ணும் கலந்து மூடிவிடுங்கள். வெட்டுண்ட வேரின் வெளிப்பக்கத் துண்டிலிருந்து சில மாதங்களில் முளை வரும். ஒரே வருடத்தில் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இப்படி வெட்டக்கூடாது. ஒரு பக்கம் போதும்.

கொப்பை வெட்டி, பூவரசங் கதியால் போல நட்டு முளைக்கவைக்கச் சிலர் முயல்வதுண்டு. அது பெரும்பாலும் வீண்முயற்சி. வேருக்குள்ள முளைக்கும் சக்தி கொப்புக்கு இல்லை.

விதை

கறிவேப்பிலை சாதாரணமாகப் பங்குனி, சித்திரையில் வெள்ளைப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும். காய் பச்சையிலிருந்து சிவந்து, பின் பளபளப்பான கறுப்பாகும். குயிலும் கொண்டைக்குருவியும் தின்று விதையை வேறிடத்தில் போடும். வேலிக்கரையிலும் பனையடியிலும் தானாக வருகின்ற கன்றுகள் இப்படி வந்தவை. இனிக்கும் சதையைப் பிள்ளைகள் சுவைப்பதுண்டு. விதையைக் கடித்து விழுங்க விடக்கூடாது.

இந்த விதை சேமித்து வைக்கத் தக்கதல்ல. மிளகாய் விதை, கத்தரி விதை போலக் காயவைத்துப் போத்தலில் இட்டு அடுத்த போகத்துக்கு வைத்தால் முளைக்காது. காய்ந்தால் விதை செத்துவிடும். இரண்டு மூன்று கிழமைக்குள் போட்டாக வேண்டும். கறுத்த பழத்தைப் பிதுக்கிச் சதையைக் கழுவி, அன்றோ மறுநாளோ நிழலில், அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். மூன்று நான்கு கிழமையில் முளைக்கும். காட்டு நிழலில் முளைத்துப் பழகிய செடி ஆதலால் முதல் ஆறு மாதம் அரை நிழலே அதற்கு விருப்பம்.

விதைக்கன்று மெதுவாக வளரும். வேர்க்கன்றோடு ஒப்பிட்டால் ஒரு வருடம் பின்தங்கும். ஆனால் அதற்கு முதல் நாளிலிருந்தே சொந்த வேர் உண்டு. ஒரு மரமும் இல்லாத புதிய குடியிருப்பில் ஐம்பது குடும்பங்களுக்குக் கன்று வேண்டுமானால் விதையே வழி. மாதர் சங்கமோ முன்பள்ளியோ இந்த வேலையை எடுத்துச் செய்யலாம்.

காணி இல்லாதவர்களுக்கு

தறப்பாள் கொட்டிலிலும், உறவினர் வளவிலும், எப்போது எழும்பச் சொல்வார்களோ என்ற நிலையிலும் இருப்பவர்கள் மண்ணில் நட்டால் விட்டுப்போக வேண்டும். அப்படியானால் உரப்பையில், உடைந்த வாளியில், எண்ணெய்த் தகரத்தில் நடலாம். காட்டில் பெருமரங்களோடு போட்டியிட்டுக் கிடைத்த சிறு இடத்தில் வாழ்ந்த செடிக்கு இது கொடுமையல்ல. வேர் அடைபட்டால் மேலேயும் அளவாகவே வளரும். ஒரு குடும்பத்தின் கறிக்கு அது போதும்.

பை பெரியதாக இருப்பது நல்லது. ஒரு முழ ஆழம் இருந்தால் ஆணிவேர் மடங்காது. அடியில் விரல் நுழையும் துவாரம் ஆறேழு வேண்டும். ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு உக்கிய எரு என்று கலந்து நிரப்புங்கள். இங்கே பலர் கவனியாமல் விடும் விடயம் ஒன்று உண்டு. பையை ஒரே இடத்தில் ஆறு மாதம் வைத்தால், துவாரத்தால் வேர் நிலத்துக்குள் இறங்கிவிடும். நீங்கள் பைச்செடி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது நிலச்செடியாகிவிட்டிருக்கும். எழும்ப வேண்டிய நாளில் தூக்கினால் வேர் அறுந்து பட்டுவிடும். எனவே பையை இரண்டு கல்லின் மேல் வையுங்கள், அல்லது மாதம் ஒருமுறை தூக்கித் திருப்பி வையுங்கள்.

இன்னொருவர் காணியில் மண்ணிலேயே நடுவதானால் காணிக்காரரிடம் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை பரவும் செடி. பத்து வருடத்தின் பின் அவர் வீட்டு மதிலடியில் கன்று வரும். "போகும்போது தாய்மரம் உங்களுக்கு, இரண்டு கன்று எங்களுக்கு" என்று முதலிலேயே சொல்லிவைத்தால் மனஸ்தாபம் வராது. எல்லையோரம் நடும்போது வேலியிலிருந்து ஆறடியாவது உள்ளே நடுங்கள்.

மண்ணும் நீரும்

செம்மண், மணல் கலந்த மண், பொதுவாகத் தண்ணீர் வடிகின்ற எந்த மண்ணும் சரி. நீர் தேங்குவதுதான் எதிரி. வன்னியில் வயல் ஓரத்துக் களிமண்ணில் குடியிருப்பவர்கள் நிலமட்டத்தில் நட்டால், மாரியில் பத்து நாள் வெள்ளம் நிற்க வேர் அழுகிவிடும். அங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். வரம்பு அகலமானால் வரம்பிலேயே நடலாம்.

வலிகாமத்தில் சுண்ணக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு. இத்தகைய மண்ணில் சில கறிவேப்பிலைகளின் குருத்திலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வரும். மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருப்பதால் செடியால் எடுக்க முடிவதில்லை. புளித்த மோர் ஊற்றும் பழைய வழக்கம் இதற்குத்தான் வந்திருக்க வேண்டும். புளிப்புச் சிறிது உதவும். ஆனால் பிள்ளைகளுக்கு மோர் இல்லாத வீட்டில் செடிக்கு ஊற்ற வேண்டியதில்லை. உக்கிய எருவும் இலைகுழையும் தொடர்ந்து போட்டால் அதே வேலையை மெதுவாக, ஆனால் நிலையாகச் செய்யும். அடுப்புச் சாம்பலை அங்கே அடியில் கொட்டாதீர்கள். சாம்பலும் சுண்ணாம்பின் பக்கம் சேர்ந்ததே.

முதிர்ந்த கீழிலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது நோயல்ல. வரட்சியிலும் மார்கழி, தைக் குளிரிலும் இலை உதிர்த்து நிற்பது இதன் வழக்கம். பட்டுவிட்டது என்று வெட்டி அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.

நுனியை வெட்டுவதும் நெட்டை எடுப்பதும்

நாம் இலை என்று சொல்வது உண்மையில் சிற்றிலை. நெட்டோடு சேர்ந்த முழுவதும்தான் ஓர் இலை. ஒரு நெட்டில் 11 முதல் 21 வரை சிற்றிலைகள் இருக்கும். நுனியில் ஒன்று தனியாக நிற்கும். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. புதிய முளை வருவது நெட்டு தண்டோடு சேரும் மூலையிலிருந்து மட்டுமே. சிற்றிலைகளை உருவிக்கொண்டு வெறும் நெட்டைச் செடியில் விட்டால் அந்த நெட்டு பிறகு துளிர்க்காது, காய்ந்து விழும். நெட்டைத் தண்டோடு சேர்த்துக் கீழ்நோக்கிக் கிழித்தால் தோலும் மூலை முளையும் சேர்ந்து வரும். அந்த இடம் மலடாகும். பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் நெட்டு மட்டும் சுத்தமாக முறியும்.

தனியே விட்டால் கறிவேப்பிலை நெட்டையாக ஒரே தண்டில் மேலே போகும். இலை கைக்கெட்டாத உயரத்தில் இருக்கும். செடி மூன்றடி உயரமானதும் நுனியை வெட்டிவிடுங்கள். முன்னர் சொன்னபடி நுனியின் சாறு நின்று, கீழ்க்கணுக்கள் துளிர்க்கும். ஐந்தாறு கிளைகளை விட்டு மற்றதை நீக்கினால், அகன்ற புதராக நிற்கும். அதன் பின்னர் இலை எடுக்கும்போது நெட்டு நெட்டாக முறிப்பதிலும் பார்க்கக் கொப்பின் நுனியை ஒரு சாண் வெட்டி எடுப்பதே நல்லது. ஒரு நுனி போனால் இரண்டு நுனி வரும். ஆனால் முதல் வருடத்தில் இப்படி வெட்டக்கூடாது; வேர் வளர இலை வேண்டும். எந்தக் காலத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். விசேட வீட்டுக்காரர் வந்து மரத்தையே மொட்டையாக்கிவிட்டுப் போவது எமது ஊர் வழக்கம். தாய்மரம் அதைத் தாங்கும். இரண்டு வயதுச் செடி தாங்காது.

பூ கொப்பின் நுனியில்தான் வரும். பூத்த நுனி அதற்கு மேல் நீளாது. எனவே விதை வேண்டாதவர்கள் பூக்கொத்தை மொட்டிலேயே கிள்ளிவிட்டால் செடியின் பலம் இலைக்குப் போகும்.

பூச்சி

தேசிக்கு வரும் பூச்சிகள் இதற்கும் வரும் என்பதே உறவின் விளைவு. இளம் இலையில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமல்ல. தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறையும். நான்கு புழு இருந்தால் சிறு கன்று ஒன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். காலையில் பார்த்துக் கையால் எடுப்பதற்கு மேல் ஒரு வைத்தியமும் தேவையில்லை. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. வளர்ந்த புதருக்கு இவற்றால் பெரிய கேடில்லை.

குருத்தில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சி அதைச் சுருளவைக்கும் மிகச் சிறிய பூச்சி வேறொன்று. அது கறிவேப்பிலைக்குச் செய்யும் கெடுதி அற்பம். ஆனால் அதே பூச்சி தேசி, தோடை மரங்களில் இலை மஞ்சளித்துக் காய் சிறுத்து மரத்தையே அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. ஆகவே தேசித் தோட்டம் வைக்க நினைப்பவர்கள் அதற்கு அருகில் கறிவேப்பிலையை நட வேண்டாம். சுருண்ட குருத்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மிளகாய்க்கு அடித்து மிஞ்சிய மருந்தை இதற்கும் அடிப்பது கூடவே கூடாது. மற்ற இலைக்கறிகளாவது வேகின்றன. இதை நாம் எண்ணெயில் பொரிய ஒரு கணம் போட்டு இறக்குகிறோம். சம்பலில் பச்சையாகவே அரைக்கிறோம்.

திரும்பிப் போனவர்களின் வளவில்

பல வருடங்களின் பின் சொந்தக் காணியைப் பார்க்கச் சென்றவர்கள் வீட்டைக் காணாமல், வேலியைக் காணாமல், எது தங்கள் வளவு என்றே மட்டுக்கட்ட முடியாமல் நின்றதுண்டு. அப்படியான இடங்களில் கிணறும் கறிவேப்பிலையும் அடையாளம் காட்டக்கூடும். தீயில் எரிந்த மரமும், கட்டாக்காலி மாடுகள் கடித்த மரமும் அடிவேர் உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும். அடித்தண்டு போன பின்னும் சுற்றிவர வேர்க்கன்றுகள் எழும்பி, ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு சிறு பற்றையே நிற்கலாம். காட்டில் அது செய்த வேலையையே வளவிலும் செய்திருக்கும்.

அந்தப் பற்றையைக் கண்ட மகிழ்ச்சியில் உடனே மண்வெட்டியோடு இறங்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்டு விட்டது என்று உரியவர்கள் கையளிக்காத காணியில் பற்றை வெட்டவோ வேர் தோண்டவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். கிணற்றடியும் பற்றைக் கரையும் இவ்விடயத்தில் நம்பத்தகாதவை. சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த கால்தடத்திலேயே திரும்பிக் கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ சொல்லுங்கள். காணி கையளிக்கப்பட்ட பின் வேலை செய்யலாம். அதுவரை பற்றை எங்கும் போகாது.

பின்னர் பற்றையைத் துப்பரவாக்கும்போது எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டாம். பருத்த தண்டு இரண்டை மட்டும் தாயாக விட்டு, அவற்றின் உலர்ந்த கொப்புகளை நீக்குங்கள். மற்றக் கன்றுகளை மேலே சொன்ன முறையில், வேரை முன்னரே வெட்டி, ஒரு மாதம் விட்டுப் பிரித்தெடுங்கள். அநேகமாகப் பத்து இருபது கன்று கிடைக்கும். நான்கடிக்கு ஒன்றாகக் கிணற்று வாய்க்கால் ஓரம் நட்டால், இரண்டாம் வருடத்திலிருந்து குடும்பத் தேவைக்கு மேலாகச் சந்தைக்கும் சிறு கட்டுகள் கொடுக்கலாம். மிஞ்சிய கன்றுகளைப் பையில் வைத்திருங்கள். அடுத்த காணிக்காரர் திரும்பி வரும்போது கேட்பார்.